அந்த 'ஒரு துணை நடிகர்' யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கௌபாய் படங்கள் பற்றிய கட்டுரையோடு 'ரியோ பிராவோ' ஸ்டில் ஒன்று அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. கீழே, "ஜான் வெய்ன், டீன் மார்ட்டின் மற்றும் ஒரு துணை நடிகர்". அந்த 'ஒரு'வின் பெயர் வால்டர் பிரென்னன். தங்களுக்குத் தெரியாததா? இடம் போதவில்லை போலிருக்கிறது.

குணச்சித்திர நடிப்புக்கென்று தனியாக ஆஸ்கர் தர ஆரம்பித்தது 1936-ம் வருடப் படங்களுக்குத்தான். முதல் விருதே இவருக்கு. அப்புறம் 1938, 1940 படங்களுக்கும் இவரே. அந்த நாளில் இந்தப் பிரிவுக்குச் சிலைகூடக் கிடையாது, விருதுத் தகடுதான். அங்கேயே அப்படி என்றால் உங்களைச் சொல்லி என்ன பயன்!

எக்ஸ்ட்ராவாக வந்தவர்தானே என்று உங்கள் உதவி ஆசிரியர் கேட்கலாம். சரி, வந்தார். 1920-களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர்தான். பிறகு படப்பிடிப்பில் அடிபட்டுப் பற்கள் போயின. அதையே பிழைப்பாக்கிக்கொண்டார். பல்செட் மாட்டினால் நடுவயதுக்காரர், கழற்றினால் கிழவர். முதல் ஆஸ்கர் வாங்கும்போது வயது 42. 'ரெட் ரிவர்' (1948) பாருங்கள். சீட்டாட்டத்தில் பல்செட்டைத் தோற்றுவிட்டு, சாப்பாட்டு வேளைக்கு மட்டும் ஜெயித்தவனிடம் வாங்கி மாட்டிக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் பொக்கை வாயோடு ஒரே முனகல். ஜான் வெய்ன் பக்கம் எனக்குக் கண்ணே போகவில்லை.

தமிழில் துணை நடிகர் என்றால் கதாநாயகன் தலையில் பூப் போடுகிறவர். பிரென்னன் மாதிரி ஆட்களுக்குக் குணச்சித்திர நடிகர் என்று ஒரு சொல் இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லையோ என்னவோ.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், 24 வயதில் ஆபீஸ் நாடகத்தில் அப்பா வேடம் போட்டவன் நான். தலையில் டால்கம் பவுடரைக் கொட்டி இருமச் சொன்னார்கள். மூன்று சீனும் இருமினேன். நோட்டீசில் நான் 'மற்றும் பலர்'. நோட்டீசை இன்னும் வைத்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு நடிகருக்கு அஞ்சலி என்று, "பல படங்களில் அப்பாவாக நடித்தவர்" என ஒரே வரியில் முடித்தீர்கள். ஒரு படத்தின் பெயர்கூட இல்லை. அதைக் கண்டித்து நான் எழுதிய கடிதத்தைப் பெருந்தன்மையோடு வெளியிட்டீர்கள், கீழே 'ஒரு வாசகர்' என்று போட்டு.

அடுத்த இதழில் ஒரு மூலையில் வால்டர் பிரென்னன் என்று திருத்தம் போட்டால் போதும். படம்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
அதே 'ஒரு வாசகர்',
லால்குடி