பூங்காவின் பூட்டைத் திறந்துவிடுங்கள்: மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குடியிருப்புப் பூங்காவின் வாயிலில் தொங்கும் புதிய அறிவிப்புப் பலகை தங்கள் அலுவலகத்தின் ஒப்புதலோடு வந்தது என்பதால், அதன் பின்னணியை இங்கே விளக்க வேண்டியதில்லை. காலை ஐந்தரை முதல் எட்டு வரை, மாலை ஐந்து முதல் ஏழரை வரை. நுழைவுக் கட்டணம் 10 ரூபாய், மாத அட்டை 250 ரூபாய். பூங்காவின் பெயரையும் வார்டு எண்ணையும் பொதுவெளியில் எழுதவில்லை. அவை எங்கள் மனுவில் இருக்கின்றன, மனு தங்கள் மேசையில் இருக்கிறது. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பூங்கா இரவு ஒன்பதரை மணி வரை, கட்டணமில்லாமல், திறந்திருக்க வேண்டும்.

இதைக் கேட்பவர்கள் பொழுதுபோக்குக்காகப் பூங்காவுக்கு வருகிறவர்கள் அல்லர். ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர்கள், துணி தைப்பவர்கள், வீட்டு வேலைக்குச் செல்பவர்கள், என்னைப் போல் தனியார் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் டியூஷனும் எடுப்பவர்கள். எங்களில் பலர் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை வாங்குகிறோம். அங்குள்ள மருத்துவர் அனைவருக்கும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்: சோற்றைக் குறையுங்கள், பயறு, முட்டை, காய்கறியைக் கூட்டுங்கள், நாள்தோறும் அரை மணி நேரமாவது வேகமாக நடங்கள், எடை தானாக இறங்கும்.

நல்ல அறிவுரைதான். ஆனால், அதைக் குறைந்த வருமானத்தில் வாழும் ஒரு வீட்டின் கணக்கில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நியாயவிலைக் கடையில் அரிசிக்கு விலையில்லை. பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரையும் மலிவு. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ மட்டுமே. நான்கு பேர் உள்ள வீட்டில் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் வரும். சாம்பாரில் பருப்பு எங்கே என்று தேட வேண்டிய அளவு. எது எடையைக் கூட்டுமோ அது ஏறக்குறைய இலவசம், எது குறைக்குமோ அதைக் கைக்காசு போட்டுக் கடையில் வாங்க வேண்டும் என்னும் நிலையில், ஏழை வீட்டில் உடல் பருப்பது சோம்பலால் அன்று, வரவு செலவால். 2023ஆம் ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். எங்கள் மாவட்டத்திற்கும் அது வந்தால் மகிழ்வோம். அது தங்கள் துறை அன்று என்பதை அறிவோம். மருத்துவர் சொன்ன மூன்றில் காசில்லாமல் செய்யக்கூடியதாக மிஞ்சியிருந்தது நடை ஒன்றுதான். அதற்கும் தாங்கள் விலை வைத்துவிட்டீர்கள் என்பதே எங்கள் வருத்தம்.

மாதம் 250 ரூபாய் ஒரு தொகையா என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் எங்களிடமே கேட்டார். ஏழு ரூபாய் வீதம் வைத்தாலும் அது 35 முட்டை. மாதம் முழுவதும் நாளுக்கொரு முட்டை சாப்பிட்டு எடையைக் குறைக்க வேண்டுமா, அந்த முட்டைகளைத் துறந்துவிட்டுப் பூங்காவுக்குள் நடக்க வேண்டுமா என்று முடிவெடுக்கும் பொறுப்பைத்தான் தாங்கள் எங்களிடம் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு பேர் நடப்பதென்றால் 500 ரூபாய். மகளிர் உரிமைத் தொகையாக வருகிற ஆயிரத்தில் சரிபாதி.

கட்டணத்தை எப்படியோ திரட்டிக் கட்டினாலும் நேரம் உதவவில்லை. காலை ஐந்தரை முதல் எட்டு வரை என்று வகுத்தவர், அந்த நேரத்தில் எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை விசாரித்திருக்கலாம். குழாயில் தண்ணீர் வருவது அப்போதுதான். குடத்தை விட்டுவிட்டு நடக்கப் போனால் இரண்டு நாளைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. தண்ணீர் விடும் நேரத்தை முடிவு செய்வதும் மாநகராட்சி, பூங்கா திறக்கும் நேரத்தை முடிவு செய்வதும் மாநகராட்சி. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்த திறமையை என்னவென்று சொல்வது! பிறகு பிள்ளைகளுக்குச் சோறு கட்டி அனுப்பி, வேலைக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். மாலையில் ஜவுளிக்கடைப் பெண்கள் வீடு திரும்பவே எட்டரை ஆகும். நாள் முழுவதும் நிற்கிறவர்களுக்கு நடை எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் கால் வீங்கும், நரம்பு சுருளும், எடை குறையாது. உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளில் இரவு உணவு ஒன்பது மணியை ஒட்டித்தான். தாங்கள் பூட்டுவதோ ஏழரைக்கு.

பூட்டிய பிறகு என்ன ஆகிறது என்பதைத் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து காண வேண்டும். பூங்காவைச் சுற்றியுள்ள தெருவில் நாங்கள் நடக்கிறோம். தெற்குப் பக்கத்தில் தெருவிளக்கு எரிவதில்லை. கிழக்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டி, அதைச் சுற்றி நாய்கள். ஆகவே யாரும் முழுச்சுற்று நடப்பதில்லை, தொட்டிக்கு இருபது அடி முன்பே திரும்பிவிடுகிறோம். எதிரே வண்டி வந்தால் வெளிச்சத்தில் கண் கூசி, கால் வைக்கும் இடம் தெரியாது. தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளி, முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு, கடைசியில் வருபவர் கையில் ஒரு கம்போடு நடக்கும் இந்த ஊர்வலத்தைப் புதிதாகப் பார்ப்பவர் உடற்பயிற்சி என்று நினைக்க மாட்டார். இதில் கொடுமை என்னவென்றால், கம்பி வேலிக்கு அந்தப் புறம் பூங்காவின் விளக்குகள் அத்தனையும் எரிகின்றன. தானியங்கி இணைப்பாம், பத்து மணிக்குத்தான் அணையுமாம். ஆளில்லாத நடைபாதைக்கு வெளிச்சம்; ஆட்கள் நடக்கும் தெருவுக்கு இருட்டு. எட்டு வடிவ நடைபாதையில் பதித்த கூழாங்கற்களைக்கூட வெளியிலிருந்து எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியமான வெளிச்சம்.

சென்ற வாரம், வீட்டில் ரவிக்கை தைத்துப் பிழைக்கும் ஓர் அம்மையார், எங்களோடு நடப்பவர், அந்தத் தெற்குப் பக்க இருட்டில் சாக்கடை மூடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் கால் இடறி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஆறு வாரம் என்பது, தீபாவளிக்கு முந்தைய தையல் முழுவதும் போனது என்று பொருள். தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் திரும்ப வாங்கிப் போக வந்தபோது, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு பையாகப் பிரித்து, அளவு ரவிக்கையையும் துணியையும் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெட்டி வைத்த துணிகளை மட்டும் யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார். எடையைக் குறைத்தால் முழங்கால் வலி குறையும், முழங்கால் வலி குறைந்தால் இன்னும் சில ஆண்டுகள் மிஷினை மிதிக்கலாம் என்றுதான் அவர் நடக்கத் தொடங்கினார். அவர் விழுந்த இடத்திற்கும் விளக்கெரியும் நடைபாதைக்கும் இடையில் பத்தடி தூரமும் ஒரு பூட்டும் இருந்தன. அந்தப் பூட்டு இல்லாதிருந்தால் இந்த மடலும் இல்லை.

எங்கள் மனுவுக்கு வந்த பதிலில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று, இரவில் சமூக விரோதிகள் நுழைகிறார்கள் என்பது. பின்புற மதிலைத் தாண்டிக் குதிக்கத் தெரிந்த குடிகாரர்களுக்கு முன்வாயில் பூட்டு ஒரு பொருட்டன்று. காலையில் கூட்டுபவர் பொறுக்கும் பாட்டில்கள் அதற்குச் சாட்சி. ஐம்பது பெண்கள் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் எவரும் குடிக்க உட்கார மாட்டார்கள். ஆளைத் துரத்திவிட்டு இடத்தைக் காக்க முடியாது. மற்றொன்று பராமரிப்புச் செலவு. இந்தப் பூங்கா நின்றிருக்கும் நிலம் மாநகராட்சி காசு கொடுத்து வாங்கியதன்று. மனைப்பிரிவு அங்கீகாரத்தின்போது விதிப்படி திறந்தவெளி ஒதுக்கீடாக, பத்தில் ஒரு பங்கு, தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டது. மனை போட்டவர் அதன் விலையை எங்கள் மனைகளின் மீதுதான் ஏற்றினார். 2022இல் உயர்த்திய சொத்து வரியையும் கட்டிக்கொண்டிருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர்கள் அதை வாடகை உயர்வாகக் கட்டுகிறார்கள். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காப்பதற்கென்றே 1959ஆம் ஆண்டிலிருந்து இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. மக்களிடமிருந்து காப்பது அதன் நோக்கமாக இருந்திருக்காது என்று நம்புகிறோம்.

அரசுக்கு எங்கள் உடல்நலத்தில் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டோம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் இது 30.9 ஆக இருந்தது. அதனால்தான் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையோடு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் வந்தது. அதற்கு முன்பே மாத்திரையை வீடு தேடி அனுப்பினார்கள். எட்டு கிலோமீட்டர் பாதை எங்களுக்கு இரண்டு பேருந்து மாறும் தொலைவில் இருக்கிறது. நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், நடைப்பயிற்சிக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பயணம் செய்யலாம்தான். உட்கார்ந்து போனால் இலவசம், நடந்தால் பத்து ரூபாய்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆண்டுதோறும் உலக நீரிழிவு நாளில் எங்கள் ஊரில் விழிப்புணர்வுப் பேரணி நடக்கிறது. எல்லோருக்கும் பனியனும் தொப்பியும் கொடுத்து, கொடி அசைத்து, புகைப்படம் எடுத்து, முடிவில் கேசரி, பொங்கல், வடையோடு சிற்றுண்டி. பூங்காவின் முகப்பில் ஊர்ப்பெயரை ஆளுயர எழுத்தில் வைத்து, செல்ஃபி எடுத்துக்கொள்ள வசதி செய்திருக்கிறீர்கள். அதன் முன்னால் நின்று படமெடுக்கக் கட்டணமில்லை, நேர வரம்பும் இல்லை. உடலை இளைக்கச் செய்வதாகச் சொல்லும் பொடிகளின் விளம்பரப் பலகைகள் பூங்கா மதிலிலேயே மாட்டப்பட்டிருக்கின்றன. இரண்டாயிரம், மூவாயிரம் என்று விலை போட்டிருக்கும் அந்தப் பொடிகளுக்கு உள்ளிருந்து விளக்கு வெளிச்சம் வேறு. நடக்க வந்து பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அவற்றை வாங்குவார்கள் என்று எவரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள் போலும்.

கசப்பு மிகுந்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். எங்களுக்குத் தங்களோடு பகையேதும் இல்லை. தாங்கள் பொறுப்பேற்றபின் மழைநீர் வடிகால் தூர்வாரப்பட்டதை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. மாநகராட்சிகள் இத்தகைய முடிவுகளைத் திரும்பப் பெறுவது புதிதும் அன்று. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி, தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, விளையாடுவோரிடம் ஒரு மணி நேரத்திற்குத் தலைக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானித்தது. எதிர்ப்பு எழுந்தவுடன் அதைக் கைவிட்டது. அதனால் அந்த மாநகராட்சியின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

நடையால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்களும் எண்ணவில்லை. அரை மணி நேர வேகநடை எரிப்பது இரண்டு மூன்று இட்லியின் சக்தியைத்தான். மீதி தட்டில் நடக்க வேண்டிய மாற்றம். அந்த மாற்றத்தை எங்களால் இயன்ற வரை செய்துகொண்டிருக்கிறோம். கொள்ளையும் பாசிப்பயறையும் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்கிறோம். முருங்கைக்கீரை யார் வீட்டு மரத்தில் இருந்தாலும் எல்லா வீட்டுக்கும் போகிறது. டீயில் சர்க்கரையை நிறுத்தியாகிவிட்டது. வளைகாப்பு வீட்டில் இலையில் விழும் ஜாங்கிரிக்கு மட்டும் இன்னும் யாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் அது முடிந்தது. அந்த அரை மணி நேரத்திற்கு இடம் எங்களிடம் இல்லை, தங்களிடம் இருக்கிறது.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்கிறோம்: பூங்கா இரவு ஒன்பதரை மணி வரை, கட்டணமில்லாமல், திறந்திருக்க வேண்டும். விளக்குகள் இப்போதே பத்து மணி வரை எரிவதால் மின்கட்டணம் அதிகமாகாது. காவலாளியின் பணிநேரத்தை நீட்டிக்கச் செலவாகும் என்றால், பூட்டும் பொறுப்பை நாங்களே முறைவைத்து ஏற்றுக்கொள்கிறோம். அதற்கு முன்வந்துள்ள பெண்களின் பெயர்களையும் கையொப்பங்களையும் மனுவோடு இணைத்திருக்கிறோம். வசூல் ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதால் கட்டணத்தை உடனே நீக்க இயலாது என்றால், மாலை ஏழரைக்குப் பிந்தைய நேரத்தையாவது இந்த வாரமே கட்டணமின்றித் திறந்துவிட்டு, மற்றதை வரும் மாமன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்க்குமாறு வேண்டுகிறோம். தெற்குப் பக்கச் சாக்கடை மூடியின் கம்பியை வெட்டிவிட ஒப்பந்தமோ தீர்மானமோ தேவையில்லை. அதை நாளையே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களின் பெண்கள் சார்பில்,
தமிழாசிரியை ஒருவர்