‘மாமாஹூஹூ’ மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன மரபுத்தொடர்கள் பற்றிய கட்டுரையில், அசட்டையாக வேலை செய்வதைக் குறிக்க ‘மாமாஹூஹூ’வைத் தந்திருந்தீர்கள். தவறில்லை. ஆனால் அந்த ஒன்றையே எல்லா இடத்திலும் போட்டால், கண்டிக்க வேண்டிய ஆளைத் தட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

அசட்டைக்குச் சீனத்தில் தொடர்கள் பல. செய்தவர் மனத்தில் என்ன இருந்தது என்று பார்த்துத்தான் தொடரைத் தேர வேண்டும். கவனமில்லாமல் செய்தவருக்கு ‘மாமாஹூஹூ’, நம் ‘ஏனோதானோ’. கடனே என்று ஒப்பேற்றித் தள்ளுபவருக்கு ‘ஃபூயென் லியாவ்ஷி’. தெரிந்தே சிமெண்ட்டைக் குறைத்து மணலைக் கூட்டுபவருக்கு ‘தோகுங் ஜியென்லியாவ்’: உழைப்பைத் திருடு, பொருளைக் குறை. இது நேரடிக் குற்றச்சாட்டு. கைதவறிச் செய்தவர்மேல் வீசக் கூடாது. 1998 வெள்ளத்தில் ஜியூஜியாங் நகரில் யாங்சிக் கரை உடைந்தபோது, அப்போதைய சீனப் பிரதமர் சூ ரோங்ஜி அந்தக் கட்டுமானத்தை, டோஃபு செய்யச் சோயாவைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை என்றார். 2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் சரிந்தபோதும் இதே வசைதான் மீண்டும் எழுந்தது. அங்கே ‘மாமாஹூஹூ’ என்று யாராவது சொல்லியிருந்தால் பெற்றோர் பொறுத்திருப்பார்களா?

மாணவர்கள் அதிகம் சறுக்குவது ‘ஃபூயென் லியாவ்ஷி’யில். மூன்றாம் எழுத்தை முதல் பாடத்திலேயே ‘ல’ என்று படித்திருப்பார்கள். இரண்டே கோடுகள் கொண்ட எளிய எழுத்து. இங்கே அதன் ஒலி ‘லியாவ்’, பொருள் ‘முடித்தல்’. தொனியிலும், அதாவது குரலின் ஏற்ற இறக்கத்திலும், ஒரு சிக்கல் உண்டு. ‘யென்’, ‘லியாவ்’ இரண்டும் தாழ்ந்து ஒலிக்கும் மூன்றாம் தொனி. அவை அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மேலேறும். அகராதியில் உள்ளபடியே இரண்டையும் தாழ்த்திப் படித்தால் தொடர் திக்கும்.

இலக்கணத்திலும் கவனம் வேண்டும். வினையும் செயப்படுபொருளும் ‘ஃபூயென் லியாவ்ஷி’ தொடருக்குள்ளேயே இருப்பதால், அதன்பின் இன்னொரு பெயரை ஒட்டக் கூடாது. ‘வீட்டுப்பாடத்தில்’ என்று சொல்ல, ‘குறித்து’ என்று பொருள்படும் ‘துய்’ என்ற சொல்லையும் வீட்டுப்பாடத்தையும் முன்னே வைத்து, தொடரைக் கடைசியில் போட வேண்டும். வெறும் ‘ஃபூயென்’ என்றால் பின்னால் ஆளை வைக்கலாம்: ‘ஃபூயென் வோ’, என்னிடம் சும்மா சாக்குச் சொல்கிறாய்.

‘மாமாஹூஹூ’வில் ‘மா’ குதிரை, ‘ஹூ’ புலி. கட்டுரையில் வந்த ஓவியர் கதை, அதாவது புலித்தலையைக் குதிரை உடலில் ஒட்டியவர் கதை, நினைவில் நிற்க உதவும். சொற்பிறப்பாக அதைக் கொள்ள வேண்டாம். குதிரை, புலி எழுத்துகள் ஒலிக்காக மட்டும் எடுத்தவை என்பதே மொழியறிஞர் பலர் கருத்து. மேலும் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்பதற்கு ‘மாமாஹூஹூ’ என்றால் ‘ஏதோ பரவாயில்லை’ என்றாகும். பாடநூல்கள் இதை விரும்பினாலும், பேச்சில் ‘ஹாய் ஷிங்’தான் இயல்பு.

பழமை வேண்டுவோருக்கு, அசட்டையைக் குறிக்கும் ‘லூமாங் மியெலியே’ இருக்கிறது. ஜுவாங்ஸி என்ற பழஞ்சீனத் தத்துவ நூலில் எல்லைக் காவலர் ஒருவர் சொல்வது: அசட்டையாக உழுதேன், விளைச்சலும் அசட்டையாகவே பதில் தந்தது, மறு ஆண்டு ஆழ உழுது நன்றாகப் பரம்படித்தேன், ஆண்டு முழுதும் வயிறாரச் சாப்பிட்டேன். அருமையான இடம். ஆனால் இன்றைய பேச்சில் ‘லூமாங்’ என்றால் முன்யோசனையற்ற முரட்டுத்தனம். அலுவலகத்தில் இதை எடுத்துவிட்டால் சோம்பேறியை முரடன் என்று திட்டியதாகும். படிக்கும்போது புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சீனம் கற்பிக்கும் வாசகர்