காலாண்டு லாபத்தோடு பராமரிப்புச் செலவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலாண்டு முடிவுகள் வரும் வாரங்களில் உங்கள் வணிகப் பக்கம் முழுக்க ‘நிகர லாபம் உயர்வு’, ‘நிகர லாபம் சரிவு’ என்றே தலைப்புகள். உயர்ந்த லாபம் எதைக் குறைத்து வந்தது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை.

பங்குச்சந்தையில் பட்டியலான ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மார்ச் கடைசியில் பிரஸ் மெஷினில் ஆயில் ஒழுகினாலும் சீல் மாற்ற விடமாட்டார்கள். “ஏப்ரல்ல பாத்துக்கலாம்” என்பதுதான் பதில். மெஷினை நிறுத்தினால் உற்பத்தி குறையும், செலவும் அந்தக் காலாண்டில் ஏறும். ஏப்ரலில் பெரிய ரிப்பேராக வந்தால் அது அடுத்த கணக்கு!

போயிங்கில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஏர்பஸ்ஸின் போட்டியைச் சமாளிக்க, 2011-ல் புது விமானம் வடிவமைப்பதை விட்டுவிட்டு, 1960-களின் 737 ரக விமானத்துக்கே பெரிய இன்ஜின்களை மாட்ட முடிவெடுத்தார்கள். அந்த இன்ஜின்களால் மூக்கு மேலே தூக்காமலிருக்கச் சேர்த்த மென்பொருள், ஒரே ஒரு சென்சாரின் தவறான தகவலை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளியது. 2018, 2019-ல் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். பணம் இல்லாமலா இப்படிச் செய்தார்கள்? 2013-க்குப் பிந்தைய ஆறு ஆண்டுகளில் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க (இது பங்கு விலை உயர உதவும்) மட்டும் 4,000 கோடி டாலருக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள்.

பங்குச்சந்தையில் பட்டியலாகாத மென்பொருள் நிறுவனமான சோஹோ, பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறது. அந்தச் செலவு பலன் தரச் சில வருடங்கள் ஆகும். அதுவரை ‘லாபம் ஏன் குறைந்தது’ என்று கேட்கப் பங்குச்சந்தை இல்லை. அதற்காகப் பட்டியலாகாத கம்பெனிகளின் முதலாளிகள் எல்லோரும் தொலைநோக்குக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். மில்லைச் சுரண்டி நிலம் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. அவர்கள் கணக்கு நம் கண்ணில் படுவதும் அபூர்வம். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, பட்டியலான கம்பெனிகளின் கணக்கு காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் (கடைசிக் காலாண்டுக்கு 60 நாளுக்குள்) வெளியாவது என்னைப் போன்ற சிறு முதலீட்டாளர்களுக்குப் பாதுகாப்பு, அது தொடரட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லாபத்துக்குப் பக்கத்திலேயே ஐந்தாண்டு இயந்திரப் பராமரிப்பு, ஆராய்ச்சி, பயிற்சிச் செலவுகளைப் போடுங்கள். இவற்றில் பெரும்பாலானவை ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளிலேயே கிடைக்கும். வரும் ஆண்டறிக்கைகளிலிருந்தே தொடங்கினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓசூர்.