கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் கொழும்பு மாவட்டம்தான்: எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு மாவட்டத்தின் மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழகம் போக ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டிய குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளி வெளியானதும், வடகொழும்பின் கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம் பக்கத்தில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அடுத்த பிள்ளையையாவது நுவரெலியாவில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்க வைப்போமா?" அங்கே வெட்டுப்புள்ளி குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் அந்த மாவட்டத்திலேயே படித்திருக்க வேண்டுமே. பதினைந்து வயதுப் பிள்ளையைப் பிரிந்திருக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? பேச்சு அதோடு நின்றுவிடும்.

நான் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் கணக்கீடு சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண்பிள்ளைக்குச் சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் ஏ சித்தி. அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி வேலை. பிள்ளை படித்த பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. தமிழில் அந்தப் பிரிவு உள்ள பெரிய பாடசாலைகளில் இடம் கேட்டுப் போனார்கள், தங்கள் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, வர்த்தகம் படிக்கட்டும் என்று முடிவானது. கடந்தகால வினாத்தாள் தொகுப்பு ஒன்றைப் போட்டோக்கொப்பி எடுத்து, பக்கங்களைப் பிரித்து, மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் படித்தார்கள். அந்தப் பிள்ளையின் இசட் புள்ளி, அதாவது பாடங்களை ஒப்பிடும்படி கணக்கிட்ட உயர்தரப் புள்ளி, கொழும்பு வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. வேறு மாவட்டமாக இருந்திருந்தால் கம்பஸ் கிடைத்திருக்கும்.

இன்றைய அனுமதி முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். பெரும்பாலான பாடநெறிகளுக்கு நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை, ஐம்பத்தைந்து வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மீதி ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த ஐந்து வீதத்தில் கை வைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. மொனராகலைப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் அது வேண்டும், இன்னும் கூடினாலும் மகிழ்ச்சிதான். கொழும்பு அந்தப் பட்டியலில் வராது என்பதிலும் தவறில்லை. என் வருத்தம், மாவட்டம் என்ற ஒரே அளவுகோலில் எங்கள் பிள்ளைகள் மறைந்துபோவதுதான். நாட்டின் மிகப் பெரிய பாடசாலைகளில் படித்து, பாடத்துக்கு இரண்டு ரியூஷன் போகும் பிள்ளையும், நகரத்துத் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்பின் ஒற்றை அறையில் தம்பி தங்கைகள் தூங்கிய பிறகு புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில் போட்டியிடுகிறார்கள்.

இதைத் திருத்தும் இடம் பாராளுமன்றம் என்றுதான் நான் நம்புகிறேன். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம், மாணவர்களைத் தெரிவு செய்யும் அதிகாரத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. நாற்பது, ஐம்பத்தைந்து, ஐந்து என்ற இந்தப் பங்கீட்டை அந்தச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது, ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைநூலில்தான் இருக்கிறது. ஒரு தலைமுறையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கணக்கு, மக்கள் பிரதிநிதிகள் விவாதித்து வாக்களித்த சட்டமாக இருக்க வேண்டாமா? தமிழ் வழியில் எழுதிய பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தலை அனுபவித்த தமிழ்ச் சமூகத்துக்கு இந்தக் கவலை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். எங்கள் தாத்தா பாட்டிமார் இன்றும் அதைப் பேசுகிறார்கள்.

ஆகவே பல்கலைக்கழகச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். மாவட்டப் பங்கு அப்படியே இருக்கட்டும். அதற்கு மேலதிகமாக, ஒவ்வொரு மாவட்டத்துக்குள்ளும் வசதி குறைந்த பாடசாலைகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கென்று புதிதாக இடங்களை உருவாக்குங்கள். எந்தப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை, எங்கே ஆசிரியர் வெற்றிடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது என்ற விபரம் வலயக் கல்வி அலுவலகங்களில் இருக்கிறது. கல்விக் கோட்டத்தை அலகாக எடுத்தாலே எங்கள் வடகொழும்பு கண்ணில் பட்டுவிடும். இடங்களைக் கூட்டும்போது விரிவுரையாளர், விடுதி, ஆய்வுகூடம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும் என்பது தெரியும். அதையும் அதே திருத்தத்தோடு வரவுசெலவுத் திட்டத்தில் கேளுங்கள்.

தனியார் நிறுவனங்களில் படிக்க அரசின் வட்டியில்லாக் கடன் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பாடநெறிகள் பெரும்பாலும் ஆங்கில வழியில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்து வந்த பிள்ளை, முதல் வருடமே தடுமாறி இடையில் விட்டால், பட்டம் இல்லாமல் கடன் மட்டும்தான் மிஞ்சும். திறந்த பல்கலைக்கழகம் நல்ல வழி, அது இருக்கும் நாவலை எங்களுக்குத் தூரமும் இல்லை. ஆனால் அரச பல்கலைக்கழகமாக இருந்தும் அங்கே கட்டணம் கட்டித்தான் படிக்க வேண்டும். நாட்கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டணத்திலிருந்து விலக்குக் கொடுப்பதையும் திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதமர் ஹரினி அமரசூரிய அவர்களும் எங்கள் மாவட்டத்தில் தெரிவானவர், கல்வி அமைச்சும் அவர் கையில்தான். திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவருக்கு இந்தப் பிள்ளைகளின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லா மட்டங்களிலும் கல்விக்கான சமமான வாய்ப்பை எல்லோருக்கும் உறுதிப்படுத்துவதை அரசின் குறிக்கோளாகச் சொல்கிறது. 29ஆம் உறுப்புரையோ, அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது என்கிறது. அதனால்தான் வழக்கறிஞரிடம் போகாமல் உங்களிடம் வருகிறேன்.

வரைவு தயாரானதும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் வெளியிடுங்கள். வடகொழும்பில் ஒரு கூட்டம் வையுங்கள், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வைத்தால் வேலைக்குப் போகும் பெற்றோரும் வருவார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் ஆசிரியை