சாவியை எங்கே வைத்திருக்கிறாய்?

மாப்ளே,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இத்தனை மாதம் கடத்தியதற்கு என்னென்ன திட்டியிருப்பாய் என்று தெரியும். அதில் பாதியை வாத்தியாரிடமும் சொல்லியிருப்பாய். சொல்லிக்கொள். இங்கே அம்மா நலம், முழங்கால் மட்டும் பேச்சுக் கேட்பதில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. அக்கா பையன் போலீஸில் மாட்டிக்கொண்டான். உனக்கு அவன் இன்னும் குண்டுப் பயல்தான். வயது 17 ஆகிறது, அத்தானைவிட உயரம். ராத்திரி அத்தான் பைக்கில் கூட்டாளிகள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். மறித்து ஊதச் சொல்லியிருக்கிறார்கள், ஊதியிருக்கிறான். லைசென்ஸ் கேட்டதற்குச் சிரித்தானாம். யார்மீதும் இடிக்கவில்லை, அந்த மட்டும் பிழைத்தோம்.

"மைனர்தானே, நாலு திட்டுத் திட்டி விட்டுவிடுவார்கள்" என்றார் அத்தான். வக்கீல் எதிரே போய் உட்கார்ந்த பிறகுதான் முகம் மாறியது. பையன் மைனர் என்பதாலேயே வழக்கு அத்தான் தலையில் வந்து விழுந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவு அது. 18 நிரம்பாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றவரோ வண்டிச் சொந்தக்காரரோ குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸே கிடையாது. கல்லூரி முடித்து வேலைக்கும் போய்விடுவான், அப்போதும் அப்பா வண்டியின் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும்!

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான், அல்லது நான் எல்லா எச்சரிக்கையும் எடுத்தேன் என்று அத்தான் நிரூபிக்க வேண்டும். சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று வைத்துக்கொண்டே கோர்ட் ஆரம்பிக்கும். நம் அத்தானோ, மகன் வண்டி ஓட்டும் வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு ஊருக்கே காட்டியவர். வக்கீல் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பையன் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்தில் இருக்கிறது. 18-க்குக் கீழே என்றால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும், பேரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. கவுன்சிலிங், சமூக சேவை, அபராதம் என்று முடியலாம். குற்றம் பெரிதென்றால் சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு வரை வைக்கவும் குழுமத்தால் முடியும். குடித்து ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு தனி: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், பெரியவர்களுக்கு 6 மாதம் வரை சிறையும் உண்டு.

இதற்கு நடுவில் பெரியப்பா ஒரு யோசனை சொன்னார் பார்! லைசென்ஸ் உள்ள ஒருவன் "நான்தான் ஓட்டினேன்" என்று எழுதிக் கொடுத்தால் போயிற்றாம். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. புனேயில் 2024 மே மாதம் 17 வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி இளம் இன்ஜினியர்கள் இரண்டு பேர் செத்தார்களே, நினைவிருக்கிறதா? 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று சொல்லி ஜாமீன் கொடுத்ததில் நாடே கொந்தளித்தது. அதன் பிறகுதான் பெரிய கூத்து. டிரைவரைப் பழி ஏற்கச் சொல்லி மிரட்டினார்கள், ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்ற புகார்களில் அப்பா, அம்மா, தாத்தா, டாக்டர்கள் என்று வரிசையாகக் கைதானார்கள். இதைச் சொன்னதும் பெரியப்பா காபி கேட்டார்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவனுக்கு மது விற்கவே கூடாது. சிறுவனுக்கு மது கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு சொல்கிறது. இவனுக்கு யார் வாங்கிக் கொடுத்தது? போலீஸும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. நான் கேட்டால் பயல் சுவரைப் பார்க்கிறான்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கிவிட்டதாகவும், கியர் இல்லாத வண்டிக்கு 16-லேயே லைசென்ஸ் கிடைக்கும் என்றும் பெருமையாக எழுதியிருந்தாயே. அது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும்டா! நீ வாங்கியது 110. "டியூஷனுக்குத்தானே, தெருமுனை வரைக்கும்தானே" என்பாய். அத்தானும் அங்கேதான் ஆரம்பித்தார். நம் மகள் அப்படிக் குடிக்கிறவளா என்று கோபித்துக்கொள்ளாதே, 199ஏ-க்குக் குடி தேவையே இல்லை. விபத்து என்று ஒன்று வந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உன்னிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாகலாம், பல வழக்குகளில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. வீட்டை விற்கும்படி ஆகிவிடும். அவளுக்கு 18 ஆகும்வரை சாவியை உன் இடுப்பில் சொருகிக்கொள், அவள் ஒரு மாதம் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம், உன் வக்கீல் மச்சினன் இப்போதும் கோர்ட்டுக்குப் போகிறானா, இல்லை கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு திரிகிறானா? கிண்டல் இருக்கட்டும். இங்கே பிடித்த வக்கீல் போனையே எடுப்பதில்லை. அடுத்த வாய்தாவுக்குள் அவனிடம் பேச வேண்டும், நம்பரை அனுப்பு. அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை, முடிந்தால் தங்கச்சியை விட்டு ஒரு போன் பண்ணச் சொல்.

உன்
கடைசி பெஞ்சுக்காரன்