திருவருகைக் காலத்துக்கு முன் தோழிக்கு ஒரு கடிதம்

பினாங்கு,
24.11.2025

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. முழங்கால் வலி தணிந்ததில் எனக்கு நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. மருமகள் பட்டர்வொர்த்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் பெரிப் படகு ஏறிப் போகிறாள். மற்றதைத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம். கணவரை இழந்த நீ எழுதிய ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை: “அவர் இல்லாத வீட்டில் இந்த வருடம் என்ன கிறிஸ்துமஸ்?”

போன வாரம் கண்ணாடி மாற்ற கர்னி டிரைவ் பக்கம் போயிருந்தேன். பேரங்காடியில் தீபாவளிக் கோலம் இருந்த இடத்திலேயே கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. பாட்டும் தள்ளுபடிப் பலகைகளுமாக ஒரே ஆரவாரம். 25-ஆம் தேதி கழிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சீனப் புத்தாண்டு விளக்குகளை மாட்டிவிடுவார்கள். கடைக்காரர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸில் துக்கத்தோடு வருகிறவளுக்கு இடமே இல்லை. அதைப் பார்த்துத்தான் உனக்கு இந்த ஆண்டு பண்டிகை இல்லை என்று முடிவு கட்டிவிட்டாயோ?

திருச்சபையின் கணக்கு வேறு. வரும் ஞாயிறு, 30-ஆம் தேதிதான் கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலமே தொடங்குகிறது. குருவுக்கு ஊதா உடை. ஞாயிறுகளில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. கிறிஸ்துமஸ் காலமோ பிறப்பு விழாவில் தொடங்கி, ஜனவரியில் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. அதுவரைக்கும் இந்த நான்கு வாரமும் உன்னைச் சிரிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, காத்திருக்கத்தான் சொல்கிறார்கள்.

இது மத்தேயு நற்செய்தி வாசிக்கும் ஆண்டு. முதல் ஞாயிறன்று, வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகும்வரை உண்பதும் குடிப்பதும் கல்யாணமுமாக இருந்த நோவா காலத்து மக்களைப் பற்றிக் கேட்போம். ஆனால் நீ மூன்றாம் ஞாயிறைக் கவனி. டிசம்பர் 14, ரோஜா நிற உடை அணியும் மகிழ்ச்சியின் ஞாயிறு. அன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் சிறையில் கிடக்கிறார். யோர்தான் கரையில் இடிபோல் முழங்கிய மனிதர், இப்போது சீடர்களை அனுப்பி, வர வேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார். இயேசு அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி கிடைக்கிறது என்று சொல்லி அனுப்புகிறார். பிறகு கூட்டத்தாரிடம் அதே யோவானைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார். யோவான் அந்தச் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வரவில்லை என்பதும் நமக்குத் தெரியும். மகிழ்ச்சியின் ஞாயிறுக்கு இந்தப் பகுதியைத் தேர்ந்தவர்களை மனதார வணங்குகிறேன். உன் கேள்வியும் அந்தச் சிறையிலிருந்து வந்த கேள்வியைச் சேர்ந்ததுதான், தோழி. அதை ஆலயத்துக்குள் கொண்டுவர உனக்கு முழு உரிமை உண்டு.

எதிர்வீட்டு அம்மாவின் மகன் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறான். விரதம் இருக்காமல் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவதை அந்த வீட்டில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். நாம் மட்டும் நேராக விருந்துக்குள் நுழைந்துவிடுகிறோமே என்பது என் நெடுநாள் வருத்தம். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைச் சாப்பாடு என்று நானும் மகனும் பேசி வைத்திருக்கிறோம். அதில் மிஞ்சுவதும் புதுத்துணிக்கு ஒதுக்கிய வெள்ளியும் முதியோர் இல்லத்துக்குப் போகும். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று சொன்னவரும் இதே யோவான்தான்.

மேசையில் நான்கு மெழுகுவத்திகள் செருகிய திருவருகை வளையம் ஒன்று வைப்போம். 1839-இல் ஹாம்பர்க் நகரில் விகெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று ஓயாமல் கேட்ட ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வழக்கம் அது. 17-ஆம் தேதியிலிருந்து அதிகாலையில் எழுந்து, ‘ஞானமே வாரும், விடியலே வாரும், இம்மானுவேலே வாரும்’ என்று நாளுக்கு ஒன்றாக வரும் பழைய அழைப்புகளைச் சொல்லப்போகிறேன். மார்கழியும் அப்போது பிறந்திருக்கும். பக்கத்துக் கோயிலில் திருப்பாவை கேட்கும் நேரம். அண்டைவீட்டாரும் விழித்திருப்பது எனக்குப் பெரிய துணை.

உன் மகள் 20-ஆம் தேதிக்குப் போட்டிருக்கும் ஹோட்டல் விருந்தைப் பிறப்பு விழாவுக்குப் பிறகு ஒரு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொல். அவள் உன்மேல் உள்ள பாசத்தால்தான் செய்கிறாள், கோபிக்காதே. நீ 13-ஆம் தேதி ஈப்போவில் ரயில் ஏறிவிடு. மறுநாள் பினாங்கு ரோட்டில் புனித பிரான்சிஸ் சேவியர் ஆலயத்துக்குச் சேர்ந்து போவோம். உன் கணவர் பெயரைச் சொல்லிப் பூசையில் வேண்டிக்கொள்ள, பூசைக் கருத்து நான் எழுதிக் கொடுக்கிறேன். விடுமுறைக் கூட்டம் என்பதால் சீக்கிரம் பதில் சொல். டிக்கெட்டை மகன் எடுத்துவிடுவான்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி