ஒரு சர்வர் நின்றால் மற்றது வேலையை ஏற்கும் ஃபெயில்ஓவர் அமைப்பில் இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் முதன்மையானது பற்றிய புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், மளிகை மொத்த வியாபாரம்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
எங்கள் சர்வர்களை அமைத்துத் தந்த நிறுவனம்.

பொருள்: புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை எங்கள் கணக்கு இரண்டாகப் பிரிந்ததும், உங்கள் ஆள் அதில் ஒரு பாதியை அழித்ததும்.

ஐயா,

இதே விஷயமாக ஆங்கிலத்தில் மூன்று மெயில் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் ‘டிக்கெட் மூடப்பட்டது’ என்ற ஒரே பதில்தான். உங்கள் டெக்னிக்கல் ஆட்கள் சென்னையில் இருந்து வேலை பார்க்கிறவர்கள். அவர்களும் நிதானமாகப் படிக்கட்டும் என்று இந்த முறை தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் இடம் உங்களுக்குத் தெரியும். முன்னால் கடையும் அலுவலகமும், முற்றம் தாண்டிப் பின்னால் கிடங்கு. ஒரு சர்வரை அலுவலகத்திலும் இன்னொன்றைக் கிடங்கிலும் வைக்கச் சொன்னது உங்கள் ஆள்தான். தீப்பிடித்தாலும் ஒன்றாவது தப்பும் என்றார். நல்ல யோசனை, அதில் எனக்குக் குறை இல்லை. டிஆர்பிடி என்ற மென்பொருள் மூலம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் உடனுக்குடன் பதிவாகும், கீப்அலைவ்ட் என்ற இன்னொரு மென்பொருள் நொடிக்கு ஒரு தடவை ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும், மூன்று தடவை அந்தக் குரல் கேட்காவிட்டால் மற்ற சர்வர் விர்ச்சுவல் ஐபியை, அதாவது எல்லாக் கணினிகளும் தேடி வரும் பொது முகவரியை, எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். ஒப்படைத்த அன்று அலுவலக சர்வரை பவர் பட்டனை அழுத்தி அணைத்தும் காட்டினார். சில நொடிகளில் கிடங்கு சர்வர் வேலையைத் தொடர்ந்தது. பில் போடுகிற பெண்ணுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோம்.

சோதனை அவ்வளவுதான் நடந்தது. சர்வர் செத்தால் என்ன ஆகும் என்று பார்த்தீர்கள். இரண்டும் உயிரோடு இருந்து நடுவில் உள்ள லைன் மட்டும் செத்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை.

புரட்டாசி என்றால் இந்த ஊரில் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. டர்பன் தமிழர் வீடுகளில் பலரும் மாதம் முழுக்கக் கவிச்சியைத் தொடமாட்டார்கள். பருப்பு, சுகர் பீன்ஸ், கற்பூரம் எல்லாம் மூட்டை மூட்டையாகப் போகும். அந்த சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு முன்போல் இல்லை என்றாலும், கேபிள் திருட்டும் டிரான்ஸ்பார்மர் கோளாறும் எங்களை விட்டபாடில்லை. அதற்குத்தான் கடையிலும் கிடங்கிலும் பேட்டரியோடு தனித்தனி இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். இரண்டு சர்வரும் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

நின்றது முற்றத்துச் சுவரில் உங்கள் ஆட்கள் மாட்டிய சின்ன ஸ்விட்ச். கடைக்கும் கிடங்குக்கும் நடுவே எல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது, ‘இருக்கிறேன்’ என்று சொல்லும் அந்த ஹார்ட்பீட் குரல் உட்பட. அதற்கு யுபிஎஸ் கிடையாது. நான் பிறகு ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். வெளிவிளக்குக்குப் போகிற பிளக்கில் செருகியிருந்தது.

அப்புறம் நடந்ததை, சர்வர் தானாக எழுதி வைக்கும் பதிவான லாக் சொல்கிறது. முதன்மையாக இருந்த அலுவலக சர்வர் தன் வேலையைத் தொடர்ந்தது. கிடங்கு சர்வருக்குக் குரல் கேட்கவில்லை, நான்காவது நொடியில் ‘இனி நான்தான் மாஸ்டர்’ என்று அதுவும் அதே ஐபியைப் போட்டுக்கொண்டது. கடையில் பில், கிடங்கில் ஸ்கேனர், இரண்டு பக்கமும் வேலை ஜோராக நடந்தது. இரண்டு மணி பத்து நிமிடம் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அதற்குள் கடையில் 31 பில், கிடங்கில் 58 சரக்குப் பதிவு. கிடங்கிலேயே நேராக ஏற்றிவிட்ட லாரிகளுக்குப் போட்ட பில் எண்களும் கடை பில் எண்களும் ஒன்றே. வரி பில்லுக்குத் தனித்தனி வரிசை எண் இருக்க வேண்டும் என்பது இங்கே வாட் சட்டம். வரி அலுவலகத்துக்கு இதை நான் என்னவென்று விளக்குவது?

கரண்ட் வந்ததும் டிஆர்பிடி ‘ஸ்பிளிட் பிரெயின்’, அதாவது இரண்டு பக்கத் தகவலும் வேறுவேறாகப் பிரிந்துவிட்டது, என்று அறிவித்து, ஒன்றோடொன்று சேர மறுத்து நின்றது. அந்த மென்பொருள் தன் கடமையைச் சரியாகவே செய்தது என்றுதான் சொல்வேன். மனிதன் வந்து முடிவெடுக்கட்டும் என்று அது காத்திருந்தது. வந்த மனிதர் உங்கள் ஆள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பேக்கப் எடுக்கவில்லை. ரிமோட்டில் நுழைந்து கிடங்கு சர்வரில் ‘என் தகவலைக் கைவிடு’ என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டார். 58 பதிவும் போயிற்று. டிரைவர்கள் கையெழுத்து வாங்கி வந்த டெலிவரி சீட்டுகளைப் பொறுக்கி, மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். ஆறு சீட்டு இன்னும் கிடைக்கவில்லை.

‘மின்தடை எங்கள் பொறுப்பல்ல’ என்று உங்கள் மேலாளர் போனில் சொன்னார். மின்தடைக்காகத்தானே ஐயா இந்த ஏற்பாடே! ஆண்டு வரவு 20 லட்சம் ராண்டைத் தாண்டிய கம்பெனிக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்றும் சொன்னார். சரி, அது உண்மைதான், எங்கள் வரவு அதைத் தாண்டும். நான் பேசுவது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி. ‘ஹை அவைலபிலிட்டி’, அதாவது எது நின்றாலும் வேலை நிற்காது, என்ற தலைப்பில் 38,000 ராண்ட் தனியாக வாங்கியிருக்கிறீர்கள்.

இரண்டே சர்வர் இருந்தால் யார் சொல்வது சரி என்று தீர்க்க ஆள் கிடையாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம். சந்தேகம் வந்தால் ஒரு சர்வர் மற்றதை அணைத்துவிடும் ஃபென்சிங் என்ற ஏற்பாட்டை வைத்திருந்தாலும், அணைக்கச் சொல்லும் கட்டளை அதே செத்த ஸ்விட்ச் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு ஓட்டு இருந்தால் கோரம், அதாவது பெரும்பான்மை ஓட்டு, இல்லாத பக்கம் தானாக எழுதுவதை நிறுத்தியிருக்கும். டிஆர்பிடி 9-ஆம் பதிப்பில் தகவல் எதுவும் வைக்காத ஒரு சின்னக் கணினியே அந்த ஓட்டைப் போட முடியும் என்று என் மருமகன் படித்துச் சொன்னான், அவனுக்கு இது தொழில்கூட இல்லை. கிடங்கு நின்றுபோயிருந்தால் பையன்கள் நோட்டில் எழுதியிருப்பார்கள். இரண்டு மணி நேரம் நிற்பது எனக்குப் பெரிய விஷயமில்லை.

ஆகவே, அந்த 38,000 ராண்டைத் திருப்பித் தர வேண்டும், மூன்று நாள் ஓவர்டைம் கூலியையும் ஏற்க வேண்டும். மூன்றாவது ஓட்டுக்கான கணினியை அலுவலகப் பக்கம் வைத்து, கிடங்குக்கு அந்த ஸ்விட்சைத் தொடாத தனி ஃபைபர் ஒன்றையும் உங்கள் செலவில் இழுக்க வேண்டும். சுவரில் இருக்கும் ஸ்விட்சை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். எங்கள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்தப் பக்கத் தகவலையும் யாரும் கைவிடக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆள் இங்கே நேரில் வர வேண்டும். இந்த முறை கேபிளை நான் பிடுங்குவேன், எதை எப்போது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன்.

14 நாளுக்குள் பதில் வராவிட்டால் லாக் பிரதிகளோடு வக்கீலிடம் போகிறேன். மாதப் பராமரிப்புத் தொகையை இன்று முதல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்

இணைப்பு: இரண்டு சர்வரின் லாக், ஒரே எண்ணில் இரண்டு முறை விழுந்த பில்களின் நகல், வெளிவிளக்கு பிளக்கில் செருகிய ஸ்விட்சின் புகைப்படம்.